மரபணுத் திருத்தமும் மலைநாட்டுத் தேயிலையும்

வட்டவளைப் பகுதியின் மழையை அறிந்தவர்களுக்கு அதைப்பற்றி நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இலங்கையில் மழை மிகுந்த இடங்களைக் கணக்கிட்டால் எங்கள் ஊரும் அவற்றுள் ஒன்றாக வந்து நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால், பாடசாலை முற்றத்தில் நின்று பார்க்கும்போது எதிரேயுள்ள மலை கண்ணுக்குத் தெரியாத நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். அந்த ஈரத்திலேதான் தேயிலை தளிர்க்கின்றது. அதே ஈரத்திலேதான் தேயிலையின் பெரும்பகையாகிய கொப்புள நோயும் தழைக்கின்றது.

இந்நோய் ஒரு வகைப் பூஞ்சணத்தினால் உண்டாவது. முதலில் இளந்தளிரின் மேல் எண்ணெய்த் துளி விழுந்தாற்போன்ற ஒரு புள்ளி தோன்றும். பின்னர் அவ்விடம் மேற்புறத்தில் குழிந்து, அடிப்புறத்தில் புடைத்து, வெண்தூள் படிந்த கொப்புளமாக மாறும். முற்றிய இலையை விட்டுவிட்டு இளந்தளிரையே இது நாடுகின்றது. நாம் பறித்தெடுக்கும் கொழுந்தும் அதுவே என்பதில்தான் இதன் கொடுமை அடங்கியிருக்கின்றது. அஸாமில் 1868ஆம் ஆண்டிலேயே காணப்பட்ட இந்நோய் 1946ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தது. அன்று தொட்டு இன்றுவரை, மழைக்காலம் வந்தால் செப்பு கலந்த மருந்தைத் தெளிப்பது நமது தோட்டங்களில் வழக்கமாகிவிட்டது.

மருந்தை நம்பி வாழும் பயிரின் நிலை எத்தகையது என்பதை 2021ஆம் ஆண்டு நமக்கு உணர்த்தியது. அவ்வாண்டு இரசாயன உரங்களும் பயிர் மருந்துகளும் நாட்டுக்குள் வருவது தடைசெய்யப்பட்டுச் சில மாதங்களின் பின் அத்தடை நீக்கப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோகிராமாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 250 மில்லியன் கிலோகிராமாகக் குறைந்தது. கொழுந்து குறைந்தால் முதலில் குறைவது யாருடைய கூடை என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. நிறுவைத் தராசின் முன்னே, அன்றைக்குப் பேர் விழுமோ, அரைப்பேர்தான் விழுமோ என்று நிற்கும் பெண்களுக்கு அது தெரியும்.

ஆகவே, மருந்தை அதிகம் நாடாமல் நோயைத் தானே தாங்கி நிற்கும் தேயிலைச் செடி ஒன்றை உண்டாக்க இயலாதா என்னும் கேள்வி எழுகின்றது. இயலும் என்றே விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். எத்தனை ஆண்டுகளில் என்று கேட்டால்தான் விடை எளிதாக வருவதில்லை. இந்தக் காலத்தைச் சுருக்குவதற்கு மரபணுத் திருத்தம் என்னும் புதிய முறை எவ்வளவு தூரம் உதவும், எவ்விடத்தில் அதனால் உதவ முடியாது என்பதைப்பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். நான் விஞ்ஞானம் கற்பித்தவன் அல்லன். தமிழும் வரலாறும் கற்பித்தவன். எனவே எனக்கு விளங்கிய வழியிலேயே சொல்லுகின்றேன்.

முதலில் பழைய வழியைப் பார்ப்போம். தேயிலைப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்று எளிதில் காய்ப்பதில்லை. வேறொரு செடியின் மகரந்தத்தையே அது நாடுகின்றது. ஆதலால் ஒரு தாய்ச்செடியின் விதைகள் நூற்றை முளைக்க வைத்தால், நூறும் நூறு விதமாக இருக்கும். ஒரு வயிற்றுப் பிள்ளைகளும் ஒருவரைப்போல ஒருவர் இருப்பதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். நம் முன்னோர்கள் காடழித்து நட்ட விதைத் தேயிலை மலைகளில் ஒரு செடியைப்போல மறுசெடி இராமைக்குக் காரணம் இதுவே. அவற்றுள் சிறந்ததொன்றைக் கண்டால், அதன் கிளையிலிருந்து ஓர் இலையோடு சிறு தண்டுத் துண்டை வெட்டித் தவறணையில் நட்டு, தாயை அச்சாக ஒத்த கன்றுகளைப் பெறலாம். இதையே தோட்டங்களில் வீ.பி. தேயிலை என்கிறோம்.

1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இப்பணியைப் பல்லாண்டுகளாகச் செய்துவருகின்றது. டி.ஆர்.ஐ. 2023, டி.ஆர்.ஐ. 2025 முதலிய பெயர்களைக் கேளாத தோட்டம் மலைநாட்டில் இல்லை. ஆனால் ஒரு புதிய வர்க்கத்தை உண்டாக்குவதற்குச் செல்லும் காலம் பெரிது. இரு செடிகளைக் கலந்து விதை பெறவேண்டும். முளைத்த கன்றுகளுள் நல்லன தெரியவேண்டும். அவற்றைப் பெருக்கி, உயர்ந்த மலையிலும் தாழ்ந்த நிலத்திலும், மழையிலும் வறட்சியிலும் நட்டுப் பார்க்கவேண்டும். ஒரு கவ்வாத்துக் காலம் கழிந்து மறு கவ்வாத்து வரும்வரை விளைச்சலை நிறுத்து எழுதவேண்டும். தேநீரின் சுவையையும் பார்க்கவேண்டும். இவையெல்லாம் முடிவதற்கு இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகிவிடுகின்றன. இளைஞராகப் பணியேற்ற ஆராய்ச்சியாளர் தாம் கலந்த செடி தோட்டங்களுக்குப் போய்ச் சேருவதை நரைத்த தலையோடுதான் காண்பார்.

இந்தப் பழைய வழியின் தன்மையை விளக்க ஓர் உவமை சொல்லுகின்றேன். நல்ல நூல் ஒன்றில் ஒரேயொரு சொல் பிழையாக இருக்கின்றது. அச்சொல் வேறொரு நூலில் சரியாக இருக்கின்றது. அதைத் திருத்துவதற்கு இரு நூல்களையும் ஏடு ஏடாகப் பிரித்து, ஒன்றாகக் கலந்து, ஆயிரம் புது நூல்களாகக் கட்டி, அந்தச் சொல் சரியாகவும் மற்றவையெல்லாம் முன்போலவும் அமைந்த நூல் ஒன்று அகப்படுமா என்று தேடுவதைப் போன்றதே கலப்பு முறை. இதனால் பெரும்பயன்கள் விளைந்தன என்பதை மறுக்க முடியாது. பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1950களின் பிற்பகுதியில் வந்த எச். 4 நெல்லும் அதன் பின் வந்த பீ.ஜி. நெல்லினங்களும் இந்த நாட்டின் சோற்றுப் பானையை நிரப்பியது இம்முறையினாலேதான். எனினும் இது பொறுமையையும் காலத்தையும் பெரிதும் வேண்டி நிற்பது.

மரபணுத் திருத்தமோ நூலைப் பிரிக்காமல், பிழையான அந்த ஓரிடத்தை மாத்திரம் தேடிச் சென்று திருத்துவது. உயிரணு ஒவ்வொன்றினுள்ளும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கின்றது. நான்கே நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு என்று அதைக் கொள்ளலாம். நெல்லின் ஏட்டில் ஏறத்தாழ 40 கோடி எழுத்துகள் உள்ளன. சீன விஞ்ஞானிகள் 2017ஆம் ஆண்டில் தேயிலையின் ஏட்டை வாசித்து வெளியிட்டபோது, அதில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் இருப்பது தெரியவந்தது. இத்தனைக்குள் ஓரெழுத்தை எவ்வாறு தேடிப் பிடிப்பது?

இதற்கு வழிகாட்டியவை கண்ணுக்குத் தெரியாத பற்றீரியங்களே. தம்மைத் தாக்க வரும் வைரசின் எழுத்துத் துணுக்கு ஒன்றைப் பற்றீரியம் தன் ஏட்டிற் குறித்து வைத்துக்கொள்ளுகின்றது. அதே வைரசு மறுமுறை வந்தால், அந்தக் குறிப்பைப் பார்த்து அடையாளம் கண்டு, கத்தரி போன்ற ஒரு புரதத்தினால் அதன் இழையை வெட்டிவிடுகின்றது. இக்கருவியை நாம் விரும்பிய இடத்துக்கு அனுப்பலாம் என்று இமானுவேல் சார்ப்பான்டியே, ஜெனிபர் டௌட்னா என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் 2012ஆம் ஆண்டில் காட்டினார்கள். 2020ஆம் ஆண்டில் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். கிரிஸ்பர் என்று இதை அழைக்கிறார்கள். இருபது எழுத்துகள் கொண்ட ஒரு முகவரிச் சீட்டைக் கத்தரியோடு சேர்த்து அனுப்பினால், கத்தரி அம்முகவரியைத் தேடிச் சென்று அவ்விடத்தில் வெட்டுகின்றது. வெட்டுண்ட இடத்தை உயிரணு தானே ஒட்டும்போது ஓரெழுத்து விடுபடும், அல்லது ஓரெழுத்துக் கூடும். தமிழிலே ஓரெழுத்து மாறினால் ‘பனி’ ‘பணி’யாகிவிடும், ஓரெழுத்து விடுபட்டால் சொல்லே பொருளற்றுப் போகும். அவ்வாறே அந்த மரபணுவின் செயலும் மாறும், அல்லது நின்றுவிடும்.

செயல் நின்றுவிடுவதால் என்ன நன்மை என்று நீங்கள் கேட்கலாம். அண்டை நாட்டின் அண்மைக்கால உதாரணம் இதை விளக்கும். 2025ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மரபணுத் திருத்தம் பெற்ற இரு நெல்லினங்களை அறிவித்தது. அவற்றுள் ஒன்று, ஐதராபாத்திலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ‘கமலா’. தமிழ்நாட்டில் ஆந்திரா பொன்னி என்று வழங்கும் சாம்பா மசூரி நெல்லையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கதிரில் மணிகள் பெருகுவதற்கு சைற்றோகைனின் என்னும் வளர்ச்சி ஓமோன் உதவுகின்றது. அதைச் சிதைக்கும் நொதியம் ஒன்றும் செடியில் இருக்கின்றது. அந்நொதியத்தை ஆக்கும் மரபணுவில் அவர்கள் திருத்தம் செய்தார்கள். சிதைப்பு குறைந்தது, மணிகள் பெருகின. விளைச்சல் 19 சதவீதம் கூடியதென்றும், இருபது நாட்கள் முன்னதாகவே அறுவடைக்கு வந்ததென்றும் அக்கழகம் அறிவித்தது. சாம்பா மசூரியின் அரிசித் தன்மையை இழக்காமலே இது செய்யப்பட்டது என்பதுதான் இதன் சிறப்பு. எனினும், அந்த நெல்லும் 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகள் பல மாநிலங்களின் வயல்களில் விளைந்து காட்டிய பின்னரே அறிவிக்கப்பட்டது. வயற்சோதனைகள் போதுமானவையல்ல என்று சொல்பவர்களும், இக்கருவியின் காப்புரிமைகள் மேல்நாட்டவர் கையில் இருப்பதைச் சுட்டிக்காட்டுபவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய குரலும் கேட்கப்படல் வேண்டும்.

நெல்லுக்குச் செய்ததைத் தேயிலைக்கும் நாளையே செய்துவிடலாமே என்று தோன்றலாம். இங்கேதான் தேயிலை நம்மைக் காத்திருக்க வைக்கின்றது.

முதலாவது தடை, திருத்தம் செய்த ஓர் உயிரணுவிலிருந்து முழுச் செடியை வளர்த்தெடுப்பது. நெல்லில் இது கைவந்த கலை. தேயிலையில் மிகக் கடினம். கத்தரியைத் தாவரத்தினுள் கொண்டு செல்வதற்கு மண்ணிலே வாழும் ஒரு பற்றீரியத்தையே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். தேயிலை இலையில் நிறைந்துள்ள பொலிபீனோல்கள் அந்தப் பற்றீரியத்தை வளரவிடுவதில்லை. தேநீருக்கு நிறத்தையும் துவர்ப்பையும் தருவன இந்தப் பொலிபீனோல்களே. நாம் விரும்பிக் குடிக்கும் சுவையே விஞ்ஞானியின் வாசலை அடைத்து நிற்கின்றது.

இரண்டாவது தடை, வேலை முடிந்த பின் கத்தரியை வெளியேற்றுவது. நெல் தன் மகரந்தத்தாலேயே விளைவது. ஆகையால் திருத்தம் பெற்ற நெல்லின் அடுத்த தலைமுறையில், திருத்தம் மாத்திரம் இருந்து கத்தரியின் மரபணு இல்லாத கன்றுகளைப் பொறுக்கி எடுத்துவிடலாம். பிறவுயிரின் மரபணு எதுவும் எஞ்சாத இத்தகைய பயிர்களைப் பிறமரபணு ஏற்றிய பயிர்களினின்றும் வேறாகக் கொண்டு, இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் விதிகளைத் தளர்த்தியது. தேயிலையோ பிற செடியோடு கலந்தால்தான் விதை தரும். கலந்துவிட்டால் நாம் காக்க நினைத்த வர்க்கம் கலைந்துபோகும். ஏடுகள் மறுபடியும் பிரிந்துவிடும். கத்தரியின் மரபணுவைச் செடிக்குள் பதிக்காமல் கத்தரியை மாத்திரம் உட்செலுத்தும் முறைகள் ஆராயப்பட்டு வருகின்றன. ஆனால் முதலாவது தடை அங்கும் வந்து நிற்கின்றது. இது சந்தையைப் பொறுத்த காரியமுமாகும். மரபணுத் திருத்தம் பெற்ற பயிர்களும் பிறமரபணுப் பயிர்களுக்குரிய சட்டத்துக்கு உட்பட்டவையே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அதைத் தளர்த்தும் முயற்சிகள் பின்னர் அங்கே எழுந்தன. நமது தேயிலையோ பிற நாட்டார் வாங்கிக் குடிப்பதற்காக விளைவது.

மூன்றாவது தடை, நிலத்தின் சோதனை. இதை எந்தக் கருவியாலும் தாண்ட முடியாது. கோதுமையில் சாம்பல் நோய்க்குக் கதவைத் திறந்துவிடும் மரபணு ஒன்று உண்டு. 2014ஆம் ஆண்டில் சீன விஞ்ஞானிகள் அக்கதவை அடைத்தார்கள். நோய் வரவில்லை, ஆனால் செடியின் வளர்ச்சி பாதிக்கப்பட்டது. அக்குறை நீங்கிய கோதுமையைப்பற்றி அவர்கள் அறிவித்தது 2022ஆம் ஆண்டிலேதான். ஓரெழுத்தைத் திருத்துவது சில மாத வேலையாக இருக்கலாம். அத்திருத்தத்தால் வாசகம் முழுவதும் என்னவாகின்றது என்று அறிவதற்கு ஆண்டுகள் வேண்டும். ஒருமுறை நட்டால் ஐம்பது ஆண்டுகள்வரை நிற்கக்கூடிய தேயிலைக்கு இந்த எச்சரிக்கை இருமடங்கு வேண்டும்.

நேயர்களே, இம்மூன்று தடைகளுக்கும் முற்பட்ட ஒரு கேள்வி இருக்கின்றது. எந்த எழுத்தைத் திருத்துவது? கத்தரிக்கு முகவரி வேண்டும். அம்முகவரியை எழுதித் தருவது யார்?

‘கமலா’ நெல்லின் முகவரி எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? யப்பானிய விஞ்ஞானிகள் ஹபடாக்கி, கொஷிஹிக்காரி என்னும் இரு நெல்லினங்களை ஒப்பிட்டு, ஒன்றில் மணிகள் மிகுவதற்கான காரணத்தைத் தேடி, 2005ஆம் ஆண்டில் அந்த மரபணுவைக் கண்டு சொன்னார்கள். சாம்பல் நோயின் கதவு பற்றிய அறிவுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. கதவு இயல்பாகவே அடைபட்ட வாற்கோதுமை, எத்தியோப்பிய உழவர்கள் வழிவழியாக விதைத்துவந்த பழைய இனங்களுக்குள் இருந்தது. 1930களில் அங்கு சென்றவர்கள் அவற்றைச் சேகரித்து வந்தார்கள். ஆகவே, திருத்தம் ஆய்வுகூடத்தில் நடந்தாலும், இன்னதைத் திருத்தலாம் என்ற அறிவு பல்வகைச் செடிகள் கலந்து நிற்கும் பழைய நிலங்களிலிருந்தே வருகின்றது.

நம்மிடம் அத்தகைய நிலம் இருக்கின்றதா? இருக்கின்றது. விளைச்சல் குறைந்தது, வயது முதிர்ந்தது என்று நாம் கழித்துக் கட்ட நினைக்கும் விதைத் தேயிலை மலைகளே அவை.

என் தாயார் கொழுந்து பறித்தவர். நான் சிறுவனாக இருந்த காலத்தில், மழைக்காலத்து ஒரு நாள், மலையில் ஒரு செடியைத் தொட்டுக் காட்டினார். “இந்தச் செடியப் பாரு தம்பி. சுத்தி எல்லாம் கொப்புளமாக் கெடக்கு, இதுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. வருசா வருசம் இப்படித்தான்” என்றார். அதை அவர் எவருக்கும் அறிவித்ததில்லை. அறிவிக்கும்படி எவரும் கேட்டதுமில்லை. பின்னாளில் அந்த மலை பிடுங்கப்பட்டு மறுநடுகை செய்யப்பட்டது. அந்தச் செடியில் உண்மையிலேயே நோயைத் தாங்கும் தன்மை இருந்ததா, நிற்கும் இடத்தினால் அது தப்பியதா என்பதை இனி யாரும் ஆராய்ந்து அறிய இயலாது. தாயாரும் இல்லை, செடியும் இல்லை.

இப்படித் தோட்டத்து மலையிலிருந்தே செடியைத் தெரிந்தெடுப்பது நமக்குப் புதிதன்று. கினிகத்தேனைப் பக்கத்துக் கெனில்வேர்த் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய கென் 16/3 என்னும் வர்க்கம் இருக்கின்றது. வேறு தோட்டங்களின் பெயரைத் தாங்கிய வர்க்கங்களும் உள்ளன. அன்று ஒரு செடியைத் தெரிந்தால், அந்தச் செடி மாத்திரமே பயன்பட்டது. இன்றோ, ஏட்டை வாசிக்கும் கலை வளர்ந்துவிட்டபடியால், நோய் தாங்கிய ஒரு செடியையும் தாங்காத மறுசெடியையும் ஒப்பிட்டு, வேறுபடும் எழுத்தைத் தேடலாம். அதைக் கண்டுகொண்டால், நாளை பல வர்க்கங்களில் அதே திருத்தத்தைச் செய்யலாம். ஆகவே புதிய கருவி வந்தமையால் பழைய செடியின் மதிப்புக் குறைந்துவிடவில்லை, கூடியிருக்கின்றது.

வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் மற்றொன்றையும் நினைவூட்ட வேண்டும். தேயிலைக்கு முன் இம்மலைகளில் கோப்பி விளைந்தது. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையில் துருநோய் தோன்றியது. ஒரே இனக் கோப்பி மலைக்கு மலை பரந்து நின்றமையால் நோய் தடையின்றிப் பரவியது. இருபது ஆண்டுகளுக்குள் அப்பெருந்தொழில் சரிந்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாக வந்த நம் முன்னோர்கள் அந்தச் சரிவின் பசியையும் அனுபவித்தார்கள். திருத்தம் பெற்ற ஒரு நல்ல செடி கிடைத்துவிட்டதென்று, மலையெல்லாம் அதையே நட்டுவிட்டால், பூஞ்சணம் ஒருநாள் தன்னைத் தானே திருத்திக்கொண்டு வரும். வேகமாகச் செடியை உண்டாக்கும் கருவி, வேகமாக எல்லாவற்றையும் ஒரே மாதிரியாக்கும் கருவியாகவும் மாறிவிடலாம்.

ஆதலால் நாம் செய்யவேண்டியது யாது? இக்கருவியைக் கண்டு அஞ்சி ஒதுங்கவும் வேண்டாம். நாளையே எல்லாம் மாறிவிடும் என்று மயங்கவும் வேண்டாம். ஒரு விதைத் தேயிலை மலையைப் பிடுங்குவதற்கு முன், ஆண்டு தோறும் அங்கே கொழுந்து பறித்தவர்களை அழைத்து, எந்தச் செடி நோயைத் தாங்குகின்றது, எந்தச் செடி வறட்சியில் முந்தித் தளிர்க்கின்றது என்று கேட்கவேண்டும். அவர்கள் காட்டும் செடிகளிலிருந்து சில கிளைகளை வெட்டித் தவறணையில் காப்பாற்றவேண்டும். இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கத்தியும், சிறிது மண்ணும், கேட்கும் மனமும் போதும். விளைச்சலை மாத்திரம் பெருக்கும் செடியா, மருந்துத் தேவையைக் குறைக்கும் செடியா, எது முதலில் வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் மருந்துக் கருவியை முதுகில் சுமப்பவருக்கும் கூடையைச் சுமப்பவருக்கும் ஓர் இருக்கை வேண்டும்.

எங்கள் வகுப்பறையில் இன்று அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் ஒருவர் தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் ஒருநாள் அந்த முகவரிச் சீட்டை எழுதக்கூடும். அப்போது அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்கச் செடிகள் எஞ்சியிருக்குமா என்பது இன்று நாம் எதைப் பிடுங்குகிறோம், எதை விட்டு வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வட்டவளையில் மழை விட்டிருக்கும் ஒரு காலைப் பொழுதில், கொழுந்து பறிக்கும் ஒரு தாயாரை அணுகிக் கேட்டுப் பாருங்கள். அவர் உங்களுக்குச் செடியைத் தொட்டே காட்டுவார்.